ரெண்டும் ஒண்ணுதானா? அவோனெக்ஸும் ரெபிஃபும் நேருக்கு நேர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)



மெடிக்கல் ஷாப்ல போய் ஒரு மாத்திரை பேரைச் சொல்றீங்க. கடைக்காரர் உள்ளே போய்த் தேடிட்டு வந்து, "அந்தக் கம்பெனி இல்ல, இது தரட்டுமா? ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார். நாமும் வாங்கிட்டு வந்துடுவோம். பாராசிட்டமால் மாதிரி விஷயத்துல அதில் பெரிய தப்பு ஒண்ணும் இல்லை.

ஆனா "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிற இந்த வாக்கியம் எப்போ உண்மை, எப்போ இல்லை? இன்னைக்குப் பேசப்போற கதை இதைப் பத்தினதுதான். அவோனெக்ஸ், ரெபிஃப் என்று ரெண்டு ஊசி மருந்து. ரெண்டுக்குள்ளேயும் இருக்கிற சரக்கு ஒண்ணே: இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ. ரெண்டும் ஒரே நோய்க்கு. ஆனா 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சட்டத்தின் பார்வையில் இது ரெண்டும் ஒரே மருந்து இல்லைன்னு முடிவு பண்ணிச்சு. அது எப்படி? அந்த முடிவு ஊசி போட்டுக்கிற ஒரு நோயாளிக்கு என்ன சொல்லுது? படிப்படியாப் பார்க்கலாம்.

முதல்ல நோய்

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். நம்ம நரம்புகள் மேல கரண்ட் ஒயருக்கு இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி மயலின் என்று ஒரு உறை இருக்கு. கிருமியை அடிக்க வேண்டிய நம்ம நோய் எதிர்ப்பு அமைப்பு, மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற இந்த உறையையே அடிக்க ஆரம்பிச்சா அதுதான் எம்.எஸ். எந்த இடத்துல உறை கழண்டுதோ, அதுக்கு ஏத்த மாதிரி தொந்தரவு வரும். ஒரு கண்ணில் பார்வை மங்கலாம். கால் மரத்துப்போகலாம். நடக்கும்போது தள்ளாடலாம்.

பெரும்பாலும் 20-லிருந்து 40 வயசுக்குள்ள தொடங்குது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதாவது, வேலைக்குச் சேர்ந்து, வீடு மாறி, கல்யாணம், குழந்தை என்று யோசிக்கிற வயசுல வர்ற நோய்.

நிறைய பேருக்கு இது விட்டு விட்டு வரும். சில நாளோ சில வாரமோ ஒரு தாக்குதல், அப்புறம் ஓரளவு சரியாகும், பிறகு மறுபடி ஒண்ணு. இந்தத் தாக்குதலைத்தான் ரிலாப்ஸ் என்கிறோம். ஒவ்வொரு ரிலாப்ஸும் போகும்போது எதையாவது எடுத்துக்கிட்டுப் போகலாம். அதனால ரிலாப்ஸ் வராம தள்ளிப்போடுறதே சிகிச்சையோட பெரிய வேலை.

இன்டர்ஃபெரான் எங்கிருந்து வந்தது

1957. லண்டனில் மில் ஹில் என்கிற இடத்திலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம். ஆலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் என்று ரெண்டு விஞ்ஞானிகள். கோழி முட்டைக்குள்ள இருக்கிற ஒரு சவ்வில், செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரஸைப் போட்டுப் பார்த்தாங்க. அந்தச் சவ்வு ஒரு பொருளை வெளியே விட்டது. அந்தப் பொருள் பட்ட மற்ற செல்களுக்குள்ள வைரஸ் பெருக முடியலை. வைரஸோட வேலையில் குறுக்கிடுது என்கிற பொருளில் அதுக்கு இன்டர்ஃபெரான்னு பேர் வச்சாங்க.

எளிமையாச் சொன்னா, இது ஒரு அபாய மணி. ஒரு செல்லுக்குள்ள வைரஸ் நுழைஞ்சா, அந்த செல் பக்கத்து செல்களுக்கு அடிக்கிற மணி. இங்கே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. ஃப்ளூ வந்தா காய்ச்சல், உடம்பு வலி, குளிர் எல்லாம் வருதே, அதில் பெரிய பங்கு இந்த மணிச் சத்தத்தோடதுதான். அதனால வைரஸே இல்லாம இன்டர்ஃபெரானை மட்டும் ஊசியில் ஏத்தினாலும், அன்னிக்கு ராத்திரி ஃப்ளூ வந்த மாதிரியே இருக்கும்.

வைரஸை அடிக்கிற பொருள் எம்.எஸ்.-க்கு எப்படி உதவுது? இன்டர்ஃபெரான்ல பல வகை உண்டு. அதில் பீட்டா வகை, எதிர்ப்பு அமைப்போட அழற்சியைக் கொஞ்சம் அடக்குது. ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு செல்கள் மூளைக்குள்ள நுழையறதையும் குறைக்குது. நோயைக் குணப்படுத்தாது. ரிலாப்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஏழு வருஷப் பூட்டு

இப்போ கொஞ்சம் சட்டம். போரடிக்காது, நம்புங்க.

1983-ல் அமெரிக்காவில் ஆர்ஃபன் டிரக் ஆக்ட் வந்தது. 'அநாதை மருந்து' சட்டம் என்று சொல்லலாம். நோயாளிகள் குறைவா இருக்கிற நோய்க்கு எந்தக் கம்பெனியும் மருந்து கண்டுபிடிக்க முன்வராது, லாபம் இல்லை. அதனால அமெரிக்காவில் 2,00,000 பேருக்கும் குறைவா இருக்கிற நோய்க்கு மருந்து கொண்டுவந்தா, அந்த மருந்துக்கு ஏழு வருஷம் தனி உரிமை. அதே நோய்க்கு "அதே மருந்தை" வேற யாரும் விற்க முடியாது.

1993-ல் எம்.எஸ்.-க்கு முதல் இன்டர்ஃபெரான் வந்தது. பேர் பீட்டாசெரான். இது பீட்டா-1பி. பாக்டீரியாவில் தயாரிக்கிறாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கு அடியில் ஊசி. பூட்டு அவங்க கையில.

1996-ல் பயோஜென் கம்பெனி அவோனெக்ஸோட வந்தது. இது பீட்டா-1ஏ. சீன ஹாம்ஸ்டர் என்கிற எலி மாதிரியான பிராணியோட செல்களில் தயாரிக்கிறாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி, தசைக்குள்ள, 30 மைக்ரோகிராம். பூட்டு இருக்கும்போது இது எப்படி உள்ளே வந்தது? சட்டத்தில் ஒரு வழி உண்டு. புதுசா வர்ற மருந்து பழசைவிட மேலானதுன்னு நிரூபிச்சா, அதை "வேற மருந்து" என்று எடுத்துக்கலாம். பீட்டாசெரான் போட்ட சிலருக்கு ஊசி குத்தின இடத்தில் தோல் அழுகிப்போற பிரச்சினை இருந்தது. அவோனெக்ஸில் அந்தத் தொந்தரவு இல்லை என்பதை எஃப்.டி.ஏ. ஏத்துக்கிச்சு. கவனிங்க, அவோனெக்ஸ் உள்ளே வந்தது தோலுக்கு நல்லது என்கிற காரணத்தால். உடம்பு தாங்குற தன்மைதான் அதோட சாவி.

உள்ளே வந்ததும் அவோனெக்ஸுக்கும் ஒரு ஏழு வருஷப் பூட்டு. 2003 வரைக்கும்.

இப்போ செரோனோ என்கிற ஐரோப்பியக் கம்பெனி. அவங்ககிட்ட ரெபிஃப். 1998-லிருந்து ஐரோப்பாவில் விற்பனையில் இருந்தது. ஆனா அமெரிக்காவுக்குள்ள வர முடியலை. ஏன்னா இதுவும் பீட்டா-1ஏ. அதே ஹாம்ஸ்டர் செல், அதே 166 அமினோ அமிலம். வித்தியாசம் எல்லாம் எப்படி, எவ்வளவு போடுறோம் என்பதில்தான். ரெபிஃப் வாரத்துக்கு மூணு தடவை, தோலுக்கு அடியில், ஒவ்வொரு தடவையும் 44 மைக்ரோகிராம். கணக்குப் போட்டா வாரத்துக்கு 132 மைக்ரோகிராம். அவோனெக்ஸோட 30-க்கு நாலு மடங்குக்கும் மேல.

செரோனோ முன்னாடி இருந்தது ஒரே வழி. எங்க மருந்து அவங்க மருந்தைவிட மேல் என்று நேரடியா நிரூபிக்கணும்.

ஏன் நேரடியா மோதணும்?

ரெண்டு மருந்துக்கும் தனித்தனியா ஆய்வு முடிவு ஏற்கெனவே இருந்ததே, அதை ஒப்பிட்டா போதாதான்னு நீங்க கேட்கலாம். போதாது.

அவோனெக்ஸோட முக்கிய ஆய்வில் 301 பேர். அதில் பார்த்த முக்கியமான விஷயம் உடல் ஊனம் எவ்வளவு முற்றுது என்பது. ரெண்டு வருஷத்தில் வெறும் ஊசி போட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு முற்றியது, மருந்து போட்டவர்களில் 22 சதவீதம். ரெபிஃபோட ஆய்வில் 560 பேர். அங்கே முக்கியமாப் பார்த்தது ரிலாப்ஸ் எண்ணிக்கை. ரெண்டு வருஷத்தில் வெறும் ஊசிக்காரர்களுக்குச் சராசரியா 2.56 ரிலாப்ஸ், 44 மைக்ரோகிராம் போட்டவர்களுக்கு 1.73. ஆட்கள் வேற, நோயோட தீவிரம் வேற, அளந்த விஷயமும் வேற. ரெண்டு ஸ்கூல்ல ரெண்டு கேள்வித்தாள் கொடுத்துட்டு, யார் கெட்டிக்காரன்னு மார்க்கை வச்சுச் சொல்ற மாதிரி ஆயிடும். ரெண்டு பேரையும் ஒரே ஹால்ல உட்கார வச்சு, ஒரே கேள்வித்தாள் கொடுக்கணும்.

அந்தப் பரீட்சைக்குப் பேர் எவிடென்ஸ். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா மூணிலும் சேர்த்து 677 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ரெபிஃப், மீதிப் பேருக்கு அவோனெக்ஸ். பணம் போட்டது செரோனோ.

யார் ஜெயிச்சது?

24 வாரம் முடிஞ்சபோது ரெபிஃப் பக்கம் 75 சதவீதம் பேருக்கு ஒரு ரிலாப்ஸ்கூட வரலை. அவோனெக்ஸ் பக்கம் 63 சதவீதம். 48 வாரத்தில் அது 62-க்கு 52. ஸ்கேனில் தெரிஞ்ச புதுத் தழும்புகளும் ரெபிஃப் பக்கம் குறைவு.

எஃப்.டி.ஏ.-வுக்கு இது போதுமானதா இருந்தது. 2002 மார்ச்சில் ரெபிஃபுக்கு அனுமதி கிடைச்சது. அவோனெக்ஸோட பூட்டு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கும் மேல இருக்கும்போதே. ரெபிஃபுக்கு வீரியம்தான் சாவி.

இந்த இடத்தில் நிறுத்திட்டா, விளம்பரத்துல போடுற மாதிரி கதை முடிஞ்சுது, ரெபிஃப் வென்றதுன்னு போயிடலாம். ஆனா அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கு.

ஊசி குத்தின இடத்தில் சிவப்பு, வலி, தடிப்பு: ரெபிஃபில் 83 சதவீதம் பேருக்கு, அவோனெக்ஸில் 28 சதவீதம் பேருக்கு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் மாறினது 18 சதவீதம், அங்கே 9. வெள்ளை அணுக்களில் மாற்றம் 11 சதவீதம், அங்கே 5. கல்லீரல் மாற்றங்கள் பெரும்பாலும் வெளியே தெரியாதவை, ஆனா அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ஃப்ளூ மாதிரி காய்ச்சல், உடம்பு வலி ரெண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. மருந்து நாலு மடங்கு என்பதால காய்ச்சலும் நாலு மடங்கு ஆகலை.

அந்த 25 சதவீதம்

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் ரொம்ப முக்கியமான எண் வேற ஒண்ணு. வெளியிலிருந்து ஒரு புரதத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே ஏத்தினா, உடம்பு சில சமயம் அதை அந்நியன்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணும். அந்த ஆன்டிபாடி மருந்தோட ஒட்டிக்கிட்டு அதை வேலை செய்ய விடாம பண்ணும். ரெபிஃப் பக்கம் 25 சதவீதம் பேருக்கு இது உருவாச்சு. அவோனெக்ஸ் பக்கம் 2 சதவீதம்.

அடிக்கடி போடுறது, தோலுக்கு அடியில் போடுறது ரெண்டும் இதுக்குக் காரணம் என்று சொல்லலாம். தசையைவிடத் தோலில் எதிர்ப்பு செல்களோட காவல் அதிகம்.

இது உடனே தெரியாது. ஆன்டிபாடி உருவாக மாதக்கணக்கில் ஆகும், அதோட பாதிப்பு ரிலாப்ஸா வெளியே தெரிய இன்னும் நாளாகும். ரெபிஃபோட முந்தைய ஆய்வை நாலு வருஷம் வரைக்கும் தொடர்ந்தபோது, ஆன்டிபாடி வந்தவங்களுக்கு மருந்தோட பலன் குறைஞ்சதைப் பார்த்தாங்க. ஆனா எவிடென்ஸ் ஆய்வோட முக்கியக் கேள்வி 24 வாரத்தில் என்ன ஆகுது என்பதுதான். ஆறு மாசம்கூட முழுசா இல்லை. நோய் இருக்கப்போறது வாழ்நாள் முழுக்க.

இன்னொரு கணக்கும் பாருங்க. ரெபிஃபோட முன்னிலை 24 வாரத்தில் 12 புள்ளி. 48 வாரத்தில் 10. சராசரியா 64 வாரம் தொடர்ந்து பார்த்தபோது 56-க்கு 48, அதாவது 8 புள்ளி. முன்னிலை போயிடலை, ஆனா குறைஞ்சிருக்கு. ஆன்டிபாடிதான் காரணம்னு இதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆறு மாசக் கணக்கை மட்டும் வச்சு அடுத்த பத்து வருஷத்தை முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லலாம்.

நூறு பேரை வரிசையில் நிறுத்துங்க

சதவீதத்தை மனுஷங்களா மாத்திப் பார்த்தா புரியும். நூறு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் அவோனெக்ஸ் கொடுத்தா, 24 வாரத்தில் 63 பேருக்கு ரிலாப்ஸ் வராது. எல்லாருக்கும் ரெபிஃப் கொடுத்தா 75 பேருக்கு வராது. அதாவது ரெபிஃப் கொடுத்தும் 25 பேருக்கு வரத்தான் செய்யும். மருந்தை மாத்தினதால் கூடுதலா நன்மை கிடைச்சது 12 பேருக்கு.

அந்த 12 சின்ன எண் இல்லை. அதில் நீங்க ஒருத்தரா இருந்தா, பார்வை மங்கி ஆபீஸ் போக முடியாம கிடக்கிற ஒரு மாசம் மிச்சமாகும். ஆனா தோல் தடிப்புக் கணக்கைப் பாருங்க. 83-லிருந்து 28-ஐக் கழிச்சா 55. 12 பேருக்கு லாபம் கிடைக்க, 55 பேர் கூடுதலா ஊசித் தடிப்பைத் தாங்கிக்கணும். யார் அந்த 12, யார் அந்த 55 என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ரிலாப்ஸும் தோல் தடிப்பும் ஒரே எடை இல்லைதான். ஒரு ரிலாப்ஸைத் தவிர்க்க நாலு தடிப்பைத் தாங்கிக்கலாம்னு ஒருத்தர் நினைக்கலாம். வாரத்துக்கு மூணு தடவை தன்னைத் தானே குத்திக்கிறதே வாழ்க்கையைச் சுருக்கிடுதுன்னு இன்னொருத்தர் நினைக்கலாம். வருஷத்துக்கு 52 ஊசியா, 156 ஊசியா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனா ஊசி அளவும் பாருங்க. அவோனெக்ஸ் தசை வரைக்கும் போகணும், அதனால நீளமான ஊசி. ரெபிஃபுக்கு மெல்லிசான, குட்டை ஊசி. ஊசியைக் கண்டாலே பயப்படுற ஒருத்தருக்கு எது நல்லதுன்னு எந்த ஆய்வும் சொல்லாது.

அப்புறம், எவ்வளவு வீரியமான மருந்தா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்ல இருந்தா வேலை செய்யாது. வெறுத்துப்போய் பாதியில் நிறுத்துறவங்க இந்த மருந்துகளில் நிறைய. அதனாலதான் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஊசி போடச் சொல்வாங்க, காய்ச்சல் தூக்கத்தோட போயிடும். கூடவே பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுப்பாங்க. ரெபிஃபை முதல் நாளே 44-ல் தொடங்க மாட்டாங்க. 8.8-ல் தொடங்கி, 22 ஆக்கி, ஐந்தாவது வாரத்தில்தான் 44. தொடை, வயிறு, கை என்று இடத்தை மாத்தி மாத்திப் போடணும். மனச்சோர்வு வந்தா மறைக்காம டாக்டரிடம் சொல்லணும், இது எல்லா இன்டர்ஃபெரானுக்கும் உள்ள எச்சரிக்கை.

அளவா, அடிக்கடியா?

ஒரு நேயர் முன்கூட்டியே கேட்டிருந்தார்: "அவோனெக்ஸையே அதிகமாப் போட்டா ரெபிஃப் மாதிரி ஆயிடாதா?"

அருமையான கேள்வி. அதையும் சோதிச்சிருக்காங்க. ஐரோப்பாவில் 802 பேரிடம், வாரம் ஒரு தடவை 30 மைக்ரோகிராம் ஒரு குழுவுக்கு, 60 மைக்ரோகிராம் இன்னொரு குழுவுக்கு. ரெண்டு மடங்கு போட்டும் வித்தியாசம் இல்லை. அதே 2002-ல் வெளியான, இத்தாலியில் 188 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுற பீட்டா-1பி-யை அவோனெக்ஸோட ஒப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் ரிலாப்ஸ் இல்லாம இருந்தவங்க 51-க்கு 36 சதவீதம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா, எவ்வளவு போடுறோம் என்பதைவிட எத்தனை தடவை போடுறோம் என்பது முக்கியமா இருக்கலாம்னு தோணுது.

ஆனா ஒரு ஜாக்கிரதை. எவிடென்ஸ், இத்தாலி ஆய்வு ரெண்டிலும் எந்த மருந்து போடுறோம்னு நோயாளிகளுக்குத் தெரியும். வாரம் ஒண்ணா, மூணா என்பதை மறைக்க முடியாதே. எவிடென்ஸில் பரிசோதிக்கிற டாக்டருக்கு மட்டும் சொல்லாம வச்சிருந்தாங்க. "எனக்கு வீரியமான மருந்து கொடுக்கறாங்க" என்கிற நினைப்பே, லேசா மரத்துப்போனதை ரிலாப்ஸ்னு சொல்லலாமா வேண்டாமா என்கிறதை மாத்தலாம். ஸ்கேன் அப்படி மாறாது. அதனாலதான் ஸ்கேன் முடிவும் அதே பக்கம் இருந்தது இந்த ஆய்வுக்குப் பலம்.

இப்போ என்ன நிலைமை?

2014-ல் பயோஜெனே பிளெக்ரிடி என்று இன்னொரு வடிவம் கொண்டுவந்தது. அதே பீட்டா-1ஏ, கூட ஒரு பாலிமர் சங்கிலியை ஒட்டியிருக்காங்க. உடம்பில் ரொம்ப நேரம் தங்கும், அதனால ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போதும். 2017-ல் அனுமதி பெற்ற ஓக்ரெலிசுமாப்பை எந்த மருந்தோட ஒப்பிட்டுச் சோதிச்சாங்க தெரியுமா? ரெபிஃப் 44-உடன். ரிலாப்ஸ் விகிதம் ரெபிஃபைவிட ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. அன்னிக்கு ஜெயிச்ச மருந்து, இன்னிக்கு மத்தவங்க தாண்டிக் காட்டுற கோடு.

இருந்தாலும் இன்டர்ஃபெரான் காணாமப் போகலை. முப்பது வருஷ அனுபவம் இருக்கிற மருந்து, எதிர்ப்பு சக்தியைப் பெரிசா முடக்காது. கர்ப்பத்தின்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தேவைன்னா பயன்படுத்தலாம்னு ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் குறிப்பை மாத்தினது. இந்த நோய் யாருக்கு அதிகமா வருதுன்னு யோசிச்சா, அது எவ்வளவு முக்கியம்னு தெரியும்.

அடுத்த தடவை யாராவது "ரெண்டும் ஒண்ணுதான்" என்றோ, "இதுதான் பெஸ்ட்" என்றோ சொன்னா, நாலு கேள்வி கேளுங்க. எதில் மேல்? எத்தனை நாள் பார்த்தாங்க? நூறு பேரில் எத்தனை பேருக்கு? அதுக்குப் பதிலா என்ன தாங்கிக்கணும்? முதல் மூணுக்கும் ஆய்வில் பதில் இருக்கும். நாலாவதில் எவ்வளவு தாங்க முடியும்னு ஊசி போட்டுக்கிறவர்தான் சொல்லணும், அதை டாக்டர் உட்கார்ந்து கேட்கணும்.

வழக்கம்போல, இது புரிஞ்சுக்கறதுக்காகப் பேசினது. இதை வச்சு மருந்தை மாத்தறதோ நிறுத்தறதோ வேண்டாம், உங்க நரம்பியல் டாக்டரிடம் பேசுங்க. கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.